ஒரு காளையும் பதினோராயிரம் வளைக்கரடிகளும்: 2007-ஆம் ஆண்டுக் கோடையை முன்வைத்துச் சில குறிப்புகள்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். சென்ற வாரம் தில்லியில் ஒரு சிறு வாசிப்புவட்டத்தில் கால்நடை நோய்களின் வரலாறு குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம். முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டார்: “ஒரு கொள்கை சரியா தவறா என்று ஐயம் எழுந்தால், முறையான பரிசோதனை ஒன்றை நடத்திப் பார்த்துவிட்டால் போதாதா? அதன்பின் விவாதத்துக்கு என்ன இடம் இருக்கிறது?” அப்போது நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷையர் பகுதியில், ஸ்கந்தவேல் என்னும் துறவியர் மடத்தில் வளர்ந்த ஆறு வயதுக் காளை ஒன்றுக்குக் காசநோய்ச் சோதனை நடந்தது. கறுத்த மேனியுடைய அந்த ஃப்ரீசியன் காளையின் பெயர் சம்போ. முருகனுக்குச் சந்நிதி அமைந்த இம்மடத்தை 1973-இல் நிறுவியவர் இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்பிரமணியம். ஐரோப்பாவெங்கும் சிதறி வாழும் ஈழத்தமிழர் பலருக்கு அது ஒரு யாத்திரைத் தலம். சோதனையில் சம்போவுக்கு நோய்த்தொற்று இருக்கலாம் என்று முடிவு வந்தது. சட்டப்படி அதனைக் கொல்ல வேண்டும் என்றது வேல்ஸ் அரசு. எங்கள் சமயத்தில் எல்லா உயிரும் புனிதமானது, காளையைத் தனியே கட்டிவைத்து மருத்துவம் பார்க்கிறோம் என்றது மடம். வழக்கு நீதிமன்றம் சென்றது. ஜூலை 16 அன்று உயர்நீதிமன்றம் மடத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. ஜூலை 26 அன்று, பக்தர்களின் பாடலுக்கும் வழிபாட்டுக்கும் இடையே காவல்துறையினர் உட்புகுந்து காளையைக் கொண்டுசென்றனர். அது கொல்லப்பட்டபின் நடந்த உடற்கூறாய்வில் காசநோய்க்குரிய புண்கள் காணப்பட்டதாக அரசு அறிவித்தது.

அதே கோடையில், சம்போ கொல்லப்படுவதற்கு ஐந்து வாரங்கள் முன்பு, ஜூன் 18 அன்று, லண்டனில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. மாடுகளுக்குக் காசநோய் பரவுவதைத் தடுக்க வளைக்கரடிகளைக் கொல்வது பயன் தருமா என்று ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆராய்ந்த சுயேச்சை அறிவியல் குழுவின் இறுதி அறிக்கை அது. அந்த ஆய்வுக்காகக் கொல்லப்பட்ட வளைக்கரடிகள் 10,979. சம்போவுக்குப் பெயர் இருந்தது, வழக்கறிஞர் இருந்தனர், உலகெங்கும் அழுவோர் இருந்தனர். வளைக்கரடிகளுக்கு ஓர் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. ஒரே நோய், ஒரே தீவு, ஒரே கோடை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால், மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தேட ஒரு வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் விலங்கைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் பேட்ஜர் எனப்படுவதைத் தமிழில் வளைக்கரடி என்கிறோம். பெயரில் கரடி இருந்தாலும் இது கரடி இனம் அன்று. கீரிப்பிள்ளையைவிடப் பெரிய, குட்டைக்கால்களும் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட முகமும் உடைய இரவு விலங்கு. குடும்பமாக மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். மேய்ச்சல் நிலங்களில் மண்புழு தேடித் தின்னும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென ஓர் எல்லை உண்டு. 1908-இல் வெளிவந்த கென்னத் கிரஹாமின் சிறுவர் நாவலில் முரட்டுத்தனமும் நல்லுள்ளமும் கொண்ட பெரியவராக வரும் வளைக்கரடியை அறியாத ஆங்கிலக் குழந்தை அரிது. மாடு வளர்ப்போருக்கும் விலங்கு நேசருக்கும் இடையிலான பிற்காலப் பூசலில் இந்த அன்புக்கும் பங்குண்டு.

இனி நோய். 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோக், 1901-இல் லண்டன் மாநாட்டில் ஒரு கருத்தை முன்வைத்தார்: மாட்டுக் காசநோயால் மனிதருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை. அவருடைய புகழுக்கு முன் எதிர்த்துப் பேசுவது எளிதாக இருக்கவில்லை. எனினும் பிரித்தானிய அரசு உடனே ஓர் ஆணையத்தை அமைத்தது. அது பத்தாண்டுகள் உழைத்து, 1911-இல் அவர் கூற்று தவறு என்று முடிவு செய்தது: காய்ச்சாத பால் வழியாக மாட்டுக் கிருமி மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளை, அடைகிறது. 1930-களில் பிரிட்டனின் கறவை மாடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர் மாட்டுக் கிருமியால் இறந்தனர்.

இதற்கு இருவகைத் தீர்வுகள் கையாளப்பட்டன. ஒன்று, பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்குதல். மற்றொன்று, மாடுகளுக்கு டியூபர்குலின் தோல் சோதனை செய்து, நோய் காட்டும் மாடுகளைக் கொன்றுவிடுதல். 1935-இல் விருப்பத்தின் பேரில் தொடங்கிய சோதனைத் திட்டம் 1950-இல் பகுதி பகுதியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 1960-இல் நாடு முழுவதும் அதன் கீழ் வந்தது. நோய் வேகமாகக் குறைந்தது. ஆயினும் தென்மேற்கு இங்கிலாந்தில் மட்டும் அது முற்றிலும் மறையவில்லை. காரணம் என்னவென்று கால்நடை மருத்துவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், 1971-இல், குளோஸ்டர்ஷையரில் நோய் கண்ட ஒரு பண்ணையில் இறந்து கிடந்த வளைக்கரடியின் உடலில் மாட்டுக் காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டது.

அன்றிலிருந்து வளைக்கரடியின் வரலாறு இரு எதிர்த்திசைகளில் ஒரே நேரத்தில் நகர்ந்தது. 1973-இல் அதனைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் முதல் சட்டம் நிறைவேறியது. 1975 முதல் அரசு ஊழியரே அதன் வளைகளுக்குள் ஹைட்ரஜன் சயனைடு வாயுவைச் செலுத்தத் தொடங்கினர். பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் குடிமகன் கொல்லக்கூடாது; ஆகவே கொல்லும் பொறுப்பு அரசுக்கு வந்தது. இந்த முரண் தற்செயலானதன்று. நவீன அரசு ஓர் உயிரைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும்போது, அதனைக் கொல்லும் உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

எதிர்ப்புக் கிளம்பியதும் சாலி ஜக்கர்மேன் தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. குரங்குகளின் சமூக வாழ்வை ஆராய்ந்தவர், போர்க்கால அறிவியல் ஆலோசகர், பின்னர் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர். 1980-இல் அவர் வாயுமுறை தொடரலாம் என்றார். ஆனால் அடுத்து நடந்த ஆய்வுகள், வாயுவினால் அவ்விலங்குகள் விரைவாக இறப்பதில்லை, நெடுநேரம் துன்புற்றே இறக்கின்றன என்று காட்டின. 1982-இல் வாயு நிறுத்தப்பட்டது. கூண்டுப்பொறியும் துப்பாக்கியும் வந்தன.

இக்காலத்தில் கொல்லுதலுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட இடம் தார்ன்பரி. 1975 தொடங்கிச் சில ஆண்டுகள், ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் வளைக்கரடிகள் அனைத்தும் வாயுவால் அகற்றப்பட்டன. அதன்பின் பத்தாண்டுகள் அங்கு மாடுகளிடையே நோய் எழவில்லை. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று உழவர் கேட்டனர். ஒப்பிட்டுப் பார்க்க, கொல்லாமல் விடப்பட்ட மற்றொரு நிலம் எங்கே என்று அறிவியலர் கேட்டனர். இரு கேள்விகளும் நியாயமானவை. தம் கண்முன் ஒரு மாற்றத்தைக் கண்டவருக்கும், அம்மாற்றம் வேறு காரணத்தாலும் நிகழ்ந்திருக்கலாமே என்று ஐயுறுபவருக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பத்தான் பரிசோதனை தேவைப்பட்டது.

1997-இல் விலங்கியலர் ஜான் கிரெப்ஸ் தலைமையிலான குழு அதனைப் பரிந்துரைத்தது. (உயிர்வேதியியல் மாணவர் மனப்பாடம் செய்யும் கிரெப்ஸ் சுழற்சிக்குரிய ஹான்ஸ் கிரெப்ஸின் மகன் இவர்.) வளைக்கரடியிடமிருந்து மாட்டுக்கு நோய் பரவுகிறது என்பதற்குச் சான்று வலுவாக உள்ளது, ஆனால் வளைக்கரடியைக் கொன்றால் மாட்டு நோய் எவ்வளவு குறையும் என்பது தெரியாது. இதுவே அவர்கள் முடிவு. ‘காரணம் இது’ என்பதும் ‘இக்காரணத்தை நீக்கினால் விளைவு நீங்கும்’ என்பதும் வேறுவேறு கூற்றுகள். இதனைக் கிரெப்ஸ் குழு தெளிவாகப் பிரித்துக்காட்டியது.

1998-இல் பரிசோதனை தொடங்கியது. ஜான் போர்ன் தலைமையிலான குழுவில் கிறிஸ்டல் டானெல்லி, ரோசி உட்ரோஃப் ஆகியோருடன் புள்ளியியல் மாணவர் அனைவரும் அறிந்த டேவிட் காக்ஸும் இருந்தார். தலா 100 சதுர கிலோமீட்டர் அளவுள்ள முப்பது நிலப்பகுதிகள் மும்மூன்றாகப் பத்துத் தொகுதிகளாக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பகுதியில் ஆண்டுதோறும் பரவலாகக் கொல்லுதல். மற்றொன்றில் மாடுகளுக்கு நோய் எழுந்த பண்ணையைச் சுற்றி மட்டும் கொல்லுதல். மூன்றாவதில் கணக்கெடுப்பு மட்டுமே. எந்தப் பகுதிக்கு எது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. 2001-இல் கோமாரி நோய் பரவியபோது களப்பணி தடைப்பட்டது. எனினும் பரிசோதனை 2005 வரை நடந்தது.

முடிவுகள் எதிர்பாராதவை. நோய் எழுந்த பண்ணையைச் சுற்றிக் கொன்ற இடங்களில் நோய் குறையவில்லை. ஏறத்தாழ 27 விழுக்காடு கூடியதாகக் கணக்கிடப்பட்டு, 2003 நவம்பரில் அம்முறை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பரவலாகக் கொன்ற பகுதிகளுக்குள் நோய் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. ஆனால் அப்பகுதியின் எல்லைக்கு வெளியே 2 கிலோமீட்டர் வரையிலான நிலத்தில் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியது. காரணமாகக் குழு சுட்டியது விலங்கின் சமூக வாழ்வை. கூட்டத்தில் சிலர் கொல்லப்பட்டதும் எல்லைகள் குலைகின்றன. எஞ்சியவை முன்பைவிடத் தொலைவு அலைகின்றன. புதிய கூட்டங்களுடனும் புதிய மாட்டு மந்தைகளுடனும் கலக்கின்றன. ஊரைக் கலைத்தால் நோயும் ஊர்விட்டு ஊர் போகும் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். 100 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரு வட்டம் என்று கொண்டால் அதன் ஆரம் 5.6 கிலோமீட்டர். அதனைச் சூழ்ந்த 2 கிலோமீட்டர் வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 83 சதுர கிலோமீட்டர். அதாவது, நன்மை பெறும் நிலமும் தீமை பெறும் நிலமும் அளவில் நெருங்கிவிடுகின்றன. வட்டத்தை 300 சதுர கிலோமீட்டராக்கினால் வளையம் 135 மட்டுமே. ஆகவே ஒரே தரவிலிருந்து இருவர் இருவேறு முடிவுக்கு வரலாம்: “கொல்வதால் பயனில்லை” என்றும், “இன்னும் பெரிய பரப்பில், நெடுங்காலம் கொல்ல வேண்டும்” என்றும்.

அப்படியே நடந்தது. பிரிட்டனில் மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்த வளைக்கரடிகளைக் கொல்வது பொருட்படுத்தத்தக்க பங்களிப்பு எதனையும் செய்ய இயலாது என்று போர்ன் குழு எழுதியது. மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவதைத் தடுப்பதிலேயே கவனம் வேண்டும் என்றது. சில மாதங்களிலேயே அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் டேவிட் கிங், அதே தரவை வைத்து, பெரும்பரப்பில் முறையாகச் செய்தால் கொல்லுதல் உதவும் என்றார். 2008-இல் தொழிற்கட்சி அரசு கொல்ல உரிமம் இல்லை என்றது. 2010-இல் ஆட்சி மாறியது. 2013-இல் குளோஸ்டர்ஷையரிலும் சோமர்செட்டிலும் கொல்லுதல் மீண்டும் தொடங்கியது. இலக்கு எட்டப்படாதபோது அமைச்சர் ஓவன் பாட்டர்சன், வளைக்கரடிகள் கோல்கம்பத்தை நகர்த்திவிட்டன என்று சொல்லி நகைப்புக்கு உள்ளானார். அரசே அமைத்த சுயேச்சை வல்லுநர் குழு, அங்கு நடந்த துப்பாக்கிச்சூடு பயனிலும் கருணையிலும் வகுத்த அளவுகோலை எட்டவில்லை என்றது. ஆயினும் திட்டம் விரிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் கொல்லப்பட்ட வளைக்கரடிகள் இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

அதனால் பயன் விளைந்ததா? இன்றும் ஒருமித்த விடை இல்லை. 2019-இல் வந்த ஓர் ஆய்வு குளோஸ்டர்ஷையரில் நான்காண்டுகளில் நோய் 66 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. 2022-இல் வந்த மற்றொன்று, கொன்ற பகுதிகளுக்கும் கொல்லாத பகுதிகளுக்கும் வேறுபாடு இல்லை என்றது. அரசுத் தரப்பு அதனை மறுத்தது. 2024-இல் வந்த ஒன்று 56 விழுக்காடு குறைந்தது என்றது. ஆனால் கொல்லுதலோடு மாடுகளுக்கான கடுமையான சோதனைகளும் சேர்ந்தே நடந்ததால், எதனால் எவ்வளவு என்று பிரிக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொண்டது. அதே 2024-இல் வேறு சிலர் 1998-ஆம் ஆண்டுப் பரிசோதனையின் தரவையே வேறொரு புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, அன்று கண்ட 23 விழுக்காட்டுக் குறைவே ஐயத்துக்குரியது என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய தொழிற்கட்சி அரசு, தன் ஆட்சிக்காலம் முடிவதற்குள் கொல்லுதலை நிறுத்துவதாக அறிவித்தது.

இனி மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பரிசோதனை விவாதத்தை முடிக்கவில்லை என்பதால் அது வீணா? இல்லை என்றே கருதுகிறேன். அது இல்லாதிருந்தால், நோய் எழுந்த பண்ணையைச் சுற்றிக் கொல்லும் வழக்கம் இன்றும் தொடர்ந்திருக்கும். அது தீங்கு செய்கிறது என்று எவருக்கும் தெரிந்திராது. பரிசோதனை ஒரு கேள்விக்கு விடை தந்தது: இப்படிக் கொன்றால் என்ன நிகழும்? அது தராத விடை வேறொன்று: யாருடைய இழப்பை யார் பொறுத்துக்கொள்வது? எல்லைக்கு உள்ளே இருக்கும் உழவரின் நன்மைக்காக எல்லைக்கு வெளியே இருக்கும் உழவரின் மந்தை நோயுறலாமா என்பது புள்ளியியல் தீர்க்கும் கேள்வியன்று.

நம் மண்ணிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கிய பெரும் பரிசோதனையில் சுமார் 2.6 இலட்சம் பேர் பங்கேற்றனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-இல் முடிவு வெளியாயிற்று. உலகமே அதிர்ந்தது. ஆயினும் தடுப்பூசி கைவிடப்படவில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது என்ற வேறொரு காரணத்தால் தொடர்ந்தது. அங்கும் பரிசோதனை தன் கேள்விக்கு விடை தந்தது. கொள்கையோ வேறொரு கேள்வியை முன்வைத்து நடந்தது. இன்னுமொரு செய்தி: அந்த பி.சி.ஜி.யே மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கால்மெட்டும் குவெரனும் பல்லாண்டுகள் வளர்த்து வீரியம் இழக்கச் செய்து பெற்றது. நம் கைகளில் உள்ள தழும்பு ஒரு மாட்டு நோயின் வழித்தோன்றல்.

சம்போவிடம் திரும்புவோம். பால் சூடாக்கப்படும் நாட்டில், தனியே கட்டப்பட்டு, எவரும் உண்ணப்போகாத ஒரு காளையால் யாருக்கு எவ்வளவு தீங்கு? உயர்நீதிமன்றம் இக்கேள்வியை எடைபோட்டுப் பார்க்கச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, ஒரு விலக்கு அளித்தால் திட்டம் முழுவதும் தளர்ந்துவிடும் என்ற அரசின் அச்சத்தைப் பொருட்படுத்தத்தக்கதாக ஏற்றது. அத்தீர்ப்பைக் கொடுமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட என்னால் இயலவில்லை. அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இதே சோதனையின் பேரில் கொல்லப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வளர்த்த மந்தையை ஒரே காலையில் இழந்த குடும்பங்களின் துயருக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. தன் மாட்டைப் பெயர் சொல்லி அழைத்த உழவனுக்கும் அது ஒரு சம்போதான். அச்சோதனையோ நோயுள்ள மாடுகளில் ஐந்தில் ஒன்றையாவது தவறவிடுவது. தவறவிடப்பட்ட அம்மாடுகளே மந்தைக்குள் நோயைத் தொடர்ந்து பரப்பின என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின. வளைக்கரடியைப் பற்றிய பேரிரைச்சலில் இந்த எளிய செய்தி நெடுங்காலம் கேட்கப்படவில்லை.

இந்தியாவில் வாழும் நமக்கு இது அயல்நாட்டுக் கதை மட்டும் அன்று. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நம் நாட்டு மாடுகளில் 7.3 விழுக்காட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 2.18 கோடி மாடுகளுக்கு, காசநோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. சோதித்துக் கொல்லும் வழி இங்கே சட்டத்தாலும் சமயத்தாலும் வறுமையாலும் அடைபட்டது. ஒற்றைக் கறவை மாட்டை நம்பி வாழும் வீட்டில் அதனைக் கொல் என்று சொல்ல எந்த அரசுக்கும் துணிவு வராது. ஆகவே மாட்டுக்குத் தடுப்பூசி, தடுப்பூசி பெற்ற மாட்டையும் நோயுற்ற மாட்டையும் பிரித்தறியும் சோதனை என்ற திசையில் ஆய்வுகள் நடக்கின்றன. 2024-இல் எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வு, கன்றுகளுக்கு பி.சி.ஜி. அளித்தால் நோய் பரவுதல் பெரிதும் குறையும் என்று நம்பிக்கை அளித்துள்ளது. ஸ்கந்தவேல் துறவியர் 2007-இல் கேட்டதும் ஏறத்தாழ இதுவே: கொல்லாமல் ஒரு வழி இல்லையா? அன்று அது பக்தியின் பிடிவாதமாகத் தோன்றியது. இன்று அதுவே ஓர் ஆய்வுத் தலைப்பு.

ஆகவே அந்த மாணவருக்கு என் விடை இது. பரிசோதனையைக் கட்டாயம் நடத்துங்கள். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை என்பதை முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எந்தக் கேள்விகள் கேட்கப்படாமலேயே விடப்பட்டன, அவற்றின் விலையை யார் கொடுத்தனர் என்று பார்ப்பது வரலாற்று மாணவரின் வேலை. 10,979 என்ற எண்ணை எழுதும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்கிறேன்.

கால்நடை மருத்துவம், புள்ளியியல், சட்டம் பயிலும் நண்பர்கள் என் வாசிப்பில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுக. திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறேன்.